பருந்தரின் விரல்

எழுபத்தெட்டாம் ஆண்டு யாழ்ப்பாணம் முற்றவெளியில் பருந்தரின் விரல் முறிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் என்று பாரிஸில் மட்டும் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அன்றைக்கு மைதானத்தில் நின்ற சனமே அவ்வளவு வருமோ தெரியாது. அப்போது பிறந்திராதவர்கள்கூடப் பார்த்ததாகச் சொல்வதுண்டு. ஆனால் ஞானரட்ணம் உண்மையாகவே பார்த்தவன். பதினேழு வயதில், குருநகரிலிருந்து ஐந்து பேர் இரண்டு சைக்கிளில் போய், கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த லொறியின் மேல் ஏறியிருந்து பார்த்தவன்.

மன்னார் அணிக்கும் குருநகர் அணிக்கும் இறுதி ஆட்டம். மன்னாரின் கோல்கீப்பரைப் பருந்தர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்த பேர் என்னவென்று ஒருவரும் விசாரித்ததில்லை. அவருக்கு அப்போதே முப்பத்து நாலு வயது. கிழவனைக் கோலுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள் என்று குருநகர்ப் பக்கம் நக்கலடித்தது. ஞானரட்ணமும் தொண்டை கிழிய நக்கலடித்தான். எழுபத்தோராவது நிமிடத்தில் குருநகர்க்காரன் ஒருவன் அடித்த பந்தை அவர் பாய்ந்து தட்டினார். பந்து வெளியே போனது. அவர் எழும்பியபோது வலக்கையின் மோதிர விரலும் சின்ன விரலும் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றன. தானே பிடித்து இழுத்தார். வலது சப்பாத்தின் லேஸை உருவி, இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கினார். பிறகு லேஸ் இல்லாத சப்பாத்தோடு பத்தொன்பது நிமிடம் நின்று ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. குருநகர் தோற்றது. தோற்ற ஊரின் பொடியன்கள் லொறிக்கு மேலே எழுந்து நின்று அழுதுகொண்டே கைதட்டினார்கள்.

இந்தக் கதையைப் பாரிஸின் லா சப்பலில் இரத்தினத்தின் மரக்கறிக் கடையில் ஞானரட்ணம் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்கார இரத்தினத்திடமும் ஒரு கதை இருந்தது. அதில் முறிந்தது இடக்கை, கட்டியது கைலேஞ்சித் துணி, போதாக்குறைக்கு மழையும் பெய்தது. ஞானரட்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணை வேறு ஏதோ மாட்சைப் பார்த்துவிட்டு வந்து கதைக்கிறார் என்று சீறுவான். வேறு எதற்கும் குரலை உயர்த்தாத மனிதன், அந்த லேஸுக்காக மட்டும் சண்டைக்குப் போவான்.

அதே கடையின் பின்புறத்தில், அரிசி மூட்டைகளுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில், அவனுக்கு ஒரு மேசை இருந்தது. மேசைக்கு இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சி. விடியப்புறம் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு அங்கே வந்து உட்காருவான். புதிதாக வந்தவர்கள் அகதி விண்ணப்பத்துக்குத் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல, அவன் அதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பான். அதற்குக் கேஸ் எழுதுவது என்று பேர். போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்துக்குப் பிறகு வந்து குவிந்த சனத்தில் அவனுக்குத் தலை நிமிர நேரமில்லை. நேரம் இருந்தாலும் நிமிர்ந்திருக்க மாட்டான். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் கேஸ் நீளும், நீண்ட கேஸை எந்த அதிகாரியும் முழுதாக வாசிக்க மாட்டார் என்பது அவனுடைய கட்சி. கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். கேள்வியைப் பார்ப்பான், கேட்பான், பதிலை எழுதுவான். அவ்வளவுதான்.

வந்த எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். அதே கடற்கரை, அதே பங்கர்க் குழி, அதே முள்வேலி. ஆயிரம் பேர் ஒரே கதையைச் சொன்னால் உண்மைகூடப் பாடமாக்கியது மாதிரித்தான் கேட்கும் என்று ஞானரட்ணம் பயந்தான். அதனால் ஆளுக்கு ஆள் ஏதாவது வித்தியாசம் தேடினான். உடம்பில் காயம் இருக்கிறதா என்பது முப்பத்தோராவது கேள்வி. கையில் ஏதாவது வடு இருந்தால் அவனுடைய லொறிக் கதவு வந்துவிடும்: இராணுவம் பிடித்தது, கையை லொறிக் கதவுக்குள் வைத்து நசுக்கியது. அந்தக் கதவு இதுவரை பத்துப் பேரின் கையை நசுக்கியிருந்தது. அவர்களில் சிலருக்கு இங்கே தங்குவதற்கான காட் கிடைத்தது. அதை அவன் பிழையென்று நினைக்கவில்லை. வாழ வந்த சனத்துக்குச் செய்கிற உதவியென்றுதான் நினைத்தான்.

அந்தக் கதவுக்குப் பதினோராவதாக வந்தவர் அலெக்சிஸ். இரண்டாயிரத்துப் பத்து சித்திரையில் மகள் தர்மிளா அவரைச் செவ்ரான் புறநகரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு ஹோட்டலில் அறை துடைக்கிற வேலை அவளுக்கு. அரை நாள் லீவு எடுத்திருந்தாள். மன்னாரில் பிறந்தவர், துறைமுகத்தில் எழுதுவினைஞர், வயது அறுபத்தாறு என்று ஞானரட்ணம் குறித்துக்கொண்டான். முன்னால் ஒரு மெல்லிய மேற்சட்டையும் அதற்கு மேலே கொஞ்சம் தாடியும் இருப்பது தெரிந்தது. என்ன நடந்தது என்று கேட்டதற்கு, மனுசி செல் விழுந்து செத்தது, தான் முகாமில் இருந்தது, மகள் கூப்பிட்டு வந்தது என்று மூன்று வசனத்தில் முடித்துவிட்டார். ஞானரட்ணம் முப்பத்தோராவது கேள்விக்கு வந்தான். காயம் ஒன்றும் இல்லையென்றார் அவர். அப்போதுதான் மேசை விளிம்பில் இருந்த, இரண்டு விரல் வளைந்த அவருடைய வலக்கை அவன் கண்ணில் பட்டது.

"உது?"

"இது பழசு, தம்பி."

எத்தனை பழசு என்று அவன் கேட்கவில்லை. அந்தக் கேள்வி தாளில் இல்லை. லொறிக் கதவை எழுதிவிட்டு முறைப்படி தமிழில் வாசித்துக் காட்டினான். இப்படித்தான் எழுத வேண்டுமோ என்று கேட்டார் அவர். அவருக்குத் தெரியும் அப்பா என்றாள் மகள். அவர் கையெழுத்து வைத்தார். பேனையை மற்ற மூன்று விரலாலும் பிடித்திருந்தார்.

அடுத்த வருடம் தையில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இவர் மன்னார்க்காரர்தான் என்பதற்கே போதிய ஆதாரம் இல்லை, காயத்துக்கு வைத்தியச் சான்று இல்லை என்று எழுதியிருந்தார்கள். மேல்முறையீட்டுக்கு சுசான் என்ற பெண் வக்கீல் வந்தாள். கை கொடுத்துப் பேசுகிற, சொன்ன நேரத்துக்கு வருகிற வக்கீல். முதலில் ஒரு வைத்தியரிடம் விரலைக் காட்டச் சொன்னாள். தர்மிளாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மொழிபெயர்க்க ஞானரட்ணம் கூடப் போனான்.

வைத்தியர் ழான்-லூக் அறுபது வயது தாண்டிய பெரிய உருவம். அந்த இரண்டு விரலையும் மடக்கி, நீட்டி, மூட்டை அழுத்திப் பார்த்தார். ஞானரட்ணம் லொறிக் கதவைச் சொல்லிக்கொண்டிருந்தான். வைத்தியர் கேட்டுக்கொண்டிருந்த மாதிரித் தெரியவில்லை. திடீரென்று தன் இடக்கையை நீட்டினார். அவருடைய சின்ன விரலும் அதே மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தது. ஊர்க் கழகத்தில் பன்னிரண்டு வருடம் கோலுக்குள் நின்றாராம். இவரும் கோல்கீப்பரா என்று கேள் என்றார்.

ஞானரட்ணம் கேள்வியைத் தமிழில் திருப்பினான். வாயால் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் கண் அந்த வலக்கைக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறியது. அன்றைக்குத்தான் அந்த முகத்தை முதல் தடவையாகப் பார்த்தான். ஒன்றரை வருடமாக அவர் அவனுடைய மேசைக்கு வந்து போயிருக்கிறார்.

"ஓம்," என்றார் அலெக்சிஸ். "எங்கடை பக்கத்திலை கொஞ்சம் நிண்டனான்."

"லேசாலை கட்டினீங்களோ?" ஞானரட்ணம் முன்னால் குனிந்தான். "வலது சப்பாத்தின்ரை லேசாலை?"

கிழவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை.

அவர் என்ன சொல்கிறார் என்று வைத்தியர் கேட்டார். இளமையில் தெருவில் கொஞ்சம் பந்தடித்திருக்கிறாராம் என்றான் ஞானரட்ணம். வைத்தியர் தலையை ஆட்டினார். இந்த முறிவுகள் முப்பது வருடப் பழசு, சித்திரவதை என்று தன்னால் எழுத முடியாது, கெட்டதாக ஒன்றும் எழுதவும் விருப்பமில்லை, ஆகவே ஒன்றும் எழுதவில்லை என்றார். போகும்போது பருந்தரின் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் பிடித்துக் குலுக்கினார்.

மெற்றோவில் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். ஞானரட்ணம் ஐயா என்பதை விட்டு அண்ணை என்று தொடங்கினான். லொறிக்கு மேலே இருந்ததைச் சொன்னான். ஓகோ, குருநகர்ப் பக்கத்து லொறியோ, நல்லா நக்கலடிச்சியள் என்றார் அவர். அவ்வளவு சந்தோசமாக அவரை அவன் கண்டதில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டான்.

"முகாமிலை கோப்பையோடை லைனிலை நிண்டு சோறு வாங்கினனான், தம்பி. பிறகு உதைச் சொல்ல வெக்கமாயிருந்தது."

விரலைப் பற்றி எழுதியதை என்ன செய்வது என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். எழுதினது எழுதினதுதானே, கேட்டால் அப்படியே சொல்லுகிறேன், மகளோடு இருந்தால் போதும் என்றார் அவர். மகளைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஒருவரும் மிச்சமில்லை.

ஞானரட்ணத்தால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அன்று பின்னேரமே இரத்தினத்திடம் சொல்லிவிட்டான். இரத்தினம் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து நாலு தரம் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பருந்தர் கடைக்கு வந்தபோது லா கூர்னெவிலிருந்தும் ஓல்னேயிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். அவரை அரிசி மூட்டைக்கு மேல் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, சுற்றி நின்று பார்த்தார்கள். நரைத்த மனிதர்கள், முதலாளிகள், சமையல்காரர்கள், சிலர் இரண்டு பேரப்பிள்ளை கண்டவர்கள். ஒருவர் அவருடைய முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். ரெஸ்ரோறன்றில் வேலை செய்கிற ஐங்கரன் எண்பதில் பிறந்தவன். அந்த விரலைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து ரொறன்ரோவில் இருக்கிற தகப்பனுக்கு அனுப்பினான். தகப்பன் உடனே கூப்பிட்டு, கதைக்க முடியாமல் அழுதார். அன்றைக்கு இரத்தினமே தன் வாயால் கேட்டார், வலக்கையோ இடக்கையோ என்று. வலக்கை என்றார் பருந்தர். மழை பெய்ததோ என்றார் இரத்தினம். உங்கள் பக்கம் பெய்திருக்கலாம் என்றார் பருந்தர். கடை முழுக்கச் சிரித்தது.

அவர் பேர்போன கோல்கீப்பர் என்று மட்டும் கேள்விப்பட்ட சுசானுக்கு இது பெரிய வாய்ப்பாகப் பட்டது. அவர் மன்னார்க்காரர் என்பதைத்தானே நம்பவில்லை? அவரை அந்த நாளில் நேரில் பார்த்தவர்கள், எங்கே எப்போது பார்த்தார்கள் என்று கடிதம் எழுதித் தங்கள் காட் பிரதியோடு தரட்டும் என்றாள். கேட்டதுதான் தாமதம், இரண்டு கிழமைக்குள் இருபத்திரண்டு கடிதம் வந்தது. ஞானரட்ணத்தினுடையது இருபத்து மூன்றாவது. எல்லாம் தமிழில், கையால் எழுதியவை. சிலர் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி முன்னுரை முடிவுரையோடு எழுதியிருந்தார்கள். ஒருவர் அன்று தான் போட்டிருந்த சேட்டின் நிறத்தை எழுதியிருந்தார். ஒருவர் அந்த மாட்சுக்காகப் பள்ளிச் சோதனைக்குப் போகாமல் விட்டதை முப்பத்து மூன்று வருடம் கழித்து முதன்முதலாக ஒப்புக்கொண்டிருந்தார். இரத்தினம் இடக்கையை வெட்டி வலக்கை என்று திருத்தியிருந்தார். மழையை மட்டும் விடவில்லை.

இருபத்து மூன்றிலும் விரல் இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? அதைப் பார்த்தவன் வேறு எதை எழுதுவான்?

கேஸிலோ அந்த விரலை இராணுவம் நசுக்கியிருந்தது. ஞானரட்ணம் கடிதங்களை மேசையில் பரப்பிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இவற்றை இப்படியே கொடுத்தால் கேஸ் பொய்யென்று இருபத்து மூன்று பேர் கையெழுத்து வைத்துக் கொடுத்த மாதிரி. முதல் வாக்குமூலத்தில் ஏதாவது பிழை இருந்தால் விசாரணைக்கு முன் திருத்தலாம், இப்போதே சொல்லுங்கள் என்று சுசான் அந்தக் கிழமைதான் கேட்டிருந்தாள். நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். பிழை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். ஏன் சொன்னான்? மற்றப் பத்துப் பேரின் லொறிக் கதவுக்கும் ஆபத்து வரும் என்பதற்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மிச்சம் வெறும் பயம். பருந்தரின் விரலுக்குப் பொய் எழுதியவன் ஞானரட்ணம் என்று அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. அவ்வளவுதான் விசயம்.

ஒவ்வொரு கடிதமாக எடுத்துப் பிரெஞ்சில் எழுதினான். மாட்ச் இருந்தது, முற்றவெளி இருந்தது, சேட்டின் நிறமும் தவறவிட்ட சோதனையும் இரத்தினத்தின் மழையும் இருந்தன. விரலை மட்டும் எடுத்துவிட்டான். லேஸும் அதோடு போனது. தன்னுடைய கடிதத்துக்கு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு அதிலும் எடுத்தான். பிரெஞ்சுப் பிரதிகளில் கையெழுத்து வைக்க வந்தவர்கள் ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. ஞானம் எழுதினால் சரியாக இருக்கும் என்று வைத்துவிட்டுப் போனார்கள். தமிழ்க் கடிதங்களைக் கட்டி லாச்சிக்குள் போட்டான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு பங்குனியில் விசாரணை. கிழக்குப் பக்கப் புறநகரில் நீதிமன்றம். விசாரணையை யாரும் போய் இருந்து பார்க்கலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டு, இரத்தினம் கடையைப் பூட்டினார். அவருடைய தாய் செத்த அன்றும் மத்தியானம் வரை திறந்திருந்த கடை அது. பதினெட்டுப் பேர், கோட் போட்டு, சிலர் கலியாணத்துக்குப் போடுகிற சப்பாத்தோடு, மெற்றோவில் வந்து இறங்கினார்கள். பார்வையாளருக்கான பின்வரிசை வாங்குகள் நிறைந்துவிட்டன. நீதிபதிகளுக்கு நம் ஆளின் பெருமை தெரியட்டும் என்பது அவர்கள் எண்ணம். சனம் நிறைந்திருந்தால் தீர்ப்பும் நம் பக்கம் சாயும் என்று நினைப்பதற்கு அது முற்றவெளி இல்லை. அதை அவர்களுக்கு யார் சொல்வது?

சுசான் திரும்பிப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். நாங்கள் கேட்டால் நீதிபதிகள் ஆட்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டு விசாரிப்பார்கள், அவருக்கு அது நல்லது, கேட்டுச் சொல் என்று ஞானரட்ணத்திடம் மெல்லச் சொன்னாள். அவன் குனிந்து பருந்தரின் காதுக்குள் சொன்னான். அவர் பின்னால் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இரத்தினம் கையை உயர்த்திக் காட்டினார்.

"இருக்கட்டும், தம்பி. என்னைப் பாக்கத்தானே வந்தவை."

ஞானரட்ணம் வற்புறுத்தவில்லை. அவனும் பார்க்கத்தான் வந்திருந்தான்.

மொழிபெயர்க்கிற பெண் புதுச்சேரிக்காரி. பருந்தர் சொன்ன சிலதை இரண்டு தரம் கேட்டுத்தான் திருப்பினாள். மன்னாரைப் பற்றி, முகாமைப் பற்றி, மனுசியைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அமைதியாகப் பதில் சொன்னார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு நடுவில் இருந்த நீதிபதி தாளைப் புரட்டிவிட்டு, கையைக் காட்டச் சொன்னார். பருந்தர் வலக்கையைத் தூக்கிப் பிடித்தார். இந்த விரல்களுக்கு என்ன நடந்தது, நீங்களே சொல்லுங்கள் என்றார் நீதிபதி.

தூக்கிய கையோடு அவர் நின்றார். பதினெட்டுப் பேரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லுங்கோ அண்ணை, கதவைச் சொல்லுங்கோ என்று ஞானரட்ணம் மனதுக்குள் மன்றாடினான். மாதாவைக்கூடக் கூப்பிட்டான். பருந்தரின் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது.

"பந்து பட்டது," என்றார். "எழுபத்தெட்டிலை. எழுபத்தோராவது நிமிசம்."

பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இரத்தினம் தன்னை மறந்து ஒரு தரம் கைதட்டிவிட்டார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அப்படியானால் லொறிக் கதவு என்று எழுதியிருப்பது என்ன என்று கேட்டார். அது பிழை என்றார் பருந்தர். யார் எழுதியது என்று அவர்கள் கேட்டபோது, தான்தான் சொன்னது என்றார். ஞானரட்ணத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அன்றைக்குப் பார்த்தவர்கள் யாரும் உண்டோ என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கான சனம் பார்த்தது, இங்கேயே இருக்கிறார்கள், கடிதமும் கொடுத்திருக்கிறார்கள் என்றார். ஞானரட்ணம் எழும்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

வெளியே நடைபாதையில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நிமிடத்தைக்கூட மறக்கவில்லை பார்த்தீர்களா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டாடினார்கள். இரத்தினம் அவருடைய கையைப் பிடித்து விடவே இல்லை. சுசான் ஒருவருக்கும் கை கொடுக்காமல் போய்விட்டாள். கொஞ்சம் தள்ளி நின்ற ஞானரட்ணத்திடம் பருந்தர் வந்தார்.

"உவையள் பாத்துக்கொண்டிருக்க நான் எப்பிடித் தம்பி அதைச் சொல்லுறது?" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல். அவர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. தர்மிளா பிரெஞ்சு வாசிப்பாள்; நிராகரிப்பு என்பது அவளுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் காரணம் முழுவதையும் ஞானத்திடம் கேட்டு அறிய வேண்டும் என்று பருந்தர் அடம்பிடித்து, தனியாக ரெயில் ஏறி லா சப்பலுக்கு வந்தார். அதே மேசை. குளிர்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. முன்னால் இரத்தினம் யாருக்கோ கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். ஞானரட்ணம் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னான்.

எழுத்தில் ஒன்றும் வாயால் ஒன்றும் சொல்லியிருக்கிறார். சரி. அது மட்டுமென்றால் பொறுத்திருக்கலாம். பயத்தில் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் உண்டு என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஆனால் விரல் ஒரு பந்தாட்டத்தில் ஆயிரக்கணக்கான சனத்தின் முன் முறிந்தது என்கிறார். அதே ஆட்டத்தை நேரில் பார்த்ததாகச் சொல்கிற இருபத்து மூன்று பேரின் கடிதங்கள் கோப்பில் உள்ளன. மழை பெய்ததுவரை எழுதியிருக்கிறவர்கள், அப்படியொரு காயத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆகவே இவர் சொல்கிற அந்த ஆட்டக்காரர் இவர்தான் என்பதையே நம்ப இடமில்லை. ஒரு மாதத்துக்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும்.

"ஒருத்தரும் எழுதேல்லையோ?" என்றார் பருந்தர்.

ஞானரட்ணம் தீர்ப்புத் தாளை மடித்தான்.

"இரத்தினமும்? நீரும்?"

அவர் முகத்தை அவன் பார்த்தான். நாட்டைவிட்டுப் போகச் சொன்னபோதுகூட மாறாத முகம் இப்போது சுருங்கிக்கொண்டு போனது. அன்றைக்குச் சோற்று லைனில் நின்றபோது இப்படித்தான் இருந்திருக்கும். அவருக்கு ஒரு பொய் சொல்லலாம், அலுவலகத்தில் பிழை நடந்துவிட்டது என்று சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது. எத்தனை பேருக்குச் சொன்னவன். அதற்குப் பதிலாக லாச்சியைத் திறந்து கடிதக் கட்டை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தான்.

"எல்லாரும் எழுதினவை, அண்ணை. நான்தான் எடுத்துப்போட்டன். உங்கடை கேஸுக்குப் பிழையா வருமெண்டு நினைச்சன்."

அவர் கண்ணாடி கொண்டு வரவில்லை. எழும்பிப் போய் இரத்தினத்திடம் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் கடிதத்திலிருந்து வாசித்தார். அவசரப்படவில்லை. ஆட்கள் வந்து பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் வாங்கிப் போனார்கள். ஒருவர் பின்னால் எட்டிப் பார்த்துப் பருந்தருக்கு வணக்கம் சொன்னார். அவர் நிமிரவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் ஓரிடத்தில் அவருடைய கண் நின்று, திரும்ப மேலே போய், அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தது. இரத்தினத்தின் மழைக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார். கடைசியில் இருந்தது ஞானரட்ணத்தின் கடிதம். அதில் லொறி இருந்தது, லேஸ் இருந்தது, பல்லால் இறுக்கிய முடிச்சு இருந்தது, தோற்ற ஊரின் பொடியன்கள் அழுதுகொண்டே கைதட்டியது இருந்தது.

வாசித்து முடிய, தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கினார். வளைந்த இரண்டு விரலும் தாளுக்கு வெளியே நின்றன. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"இதையே குடுத்திருக்கலாமே, தம்பி," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஞானரட்ணம் தாங்கியிருப்பான். அவர் கடிதங்களைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார், கண்ணாடியை இரத்தினத்திடம் கொடுத்தார், செவ்ரானுக்கு ரெயில் எடுக்க வெளியே நடந்தார்.